சீக்கில் மெலிந்த முயல்குட்டியைத் தேற்றுவது எப்படி: முதல் மணி நேரத்திலிருந்து எடை ஏறும் வரை

மூலையில் ஒடுங்கி, முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிற குட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை தானாகத் தீனிப் பக்கம் போகிறது. கேரட், பால், பிஸ்கட், ஊறவைத்த கடலை. நானும் அதைத்தான் செய்தேன். முதல் குட்டி அன்று ராத்திரியே போய்விட்டது.

அதற்கப்புறம் எங்கள் பொடக்காளிச் சாளையில் (கொல்லைப்புறக் கொட்டகையில்) வந்து படுத்த குட்டிகள் நிறைய. சந்தையில் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு நாலாம் நாள் "ஏனுங்க, இது திங்கவே மாட்டீங்குது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலது பிழைத்தது, சிலது போனது. பிழைத்ததையும் போனதையும் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மருந்தைவிட வரிசை முக்கியம். முதலில் சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம் புல், கடைசியில்தான் தீனி. இதை மாற்றிச் செய்தால் நல்ல தீனியே ஆளை முடித்துவிடும்.

இங்கே சொல்வது 4 வாரத்திலிருந்து 10 வாரம் வரை உள்ள, தானாகப் புல் கடிக்கத் தெரிந்த வீட்டு முயல்குட்டிக்கு. 3 வாரத்துக்கும் குறைந்த பால்குட்டிக்கு வழி வேறு. கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) புல் அறுக்கும்போது கிடைக்கிற காட்டு முயல்குட்டிக்கும் இது பொருந்தாது. அதன் தாய் பகலில் குட்டியைத் தனியே விட்டுவிட்டு அந்தி நேரத்தில் வந்து பால் கொடுத்துப் போகும், எனவே அது அனாதை இல்லை, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். காட்டு முயல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வளர்க்கவும் கூடாது.

1. கையில் இருக்க வேண்டியவை

ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் தேடி ஓடுகிற நிலைமை வரக் கூடாது. முயல் வைத்திருக்கிற வீட்டில் இவை எப்போதும் ஒரு டப்பாவில் கிடக்கட்டும்.

ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு. ஊசி இல்லாத சிரிஞ்சு, 1 மில்லியில் நாலு, 5 மில்லியில் ரெண்டு. மனிதர்களுக்கான டிஜிட்டல் காய்ச்சல்மானி ஒன்று, இதை முயலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ரெண்டு. பழைய பருத்தித் துண்டுகள். மூடி கசியாத ஒரு லிட்டர் பாட்டில். உயரமான அட்டைப்பெட்டி. ஒரு நோட்டும் பேனாவும். இந்தக் கடைசியை எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள், மூணாம் நாள் "நேத்து எத்தனை கிராம் இருந்துச்சு?" என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த புல். கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் கவலையே இல்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகளில் கிடைக்கிற கொழுக்கட்டைப்புல் அருமையான சரக்கு. அது இல்லையென்றால் அருகம்புல், அதுவும் இல்லையென்றால் மாட்டுக்குப் போடுகிற கோ-4 தீவனப்புல். எதுவானாலும் மருந்து அடிக்காத காட்டிலிருந்து அறுத்து, நிழலில் ரெண்டு மூணு நாள் உலர்த்தி, பச்சை வாசம் போகாமல் எடுத்து வையுங்கள். கையில் எடுத்து உதறினால் தூசி பறக்கிற, புழுங்கிய வாடை அடிக்கிற புல் வேண்டாம். அது பூஞ்சை பிடித்தது.

வேண்டாதவையும் நம் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. கோழிப்பண்ணை இல்லாத ஊர் நம் பக்கம் ஏது, அதனால் "கோழித்தீவனம் ஒரு கை போட்டேன், சத்துதானே" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்கக் கலக்கிற சாலினோமைசின், நராசின் மாதிரியான மருந்துகள் முயலுக்கு நஞ்சு. பருத்திக்கொட்டை மாட்டுக்குச் சரி, முயலுக்கு ஆகாது. அதிலுள்ள காசிபால் என்கிற பொருளை மாட்டின் வயிறு தாங்குகிற மாதிரி முயல் வயிறு தாங்காது. பழைய கடலைப்புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தால் முயலின் ஈரல் முதலில் போகும். பூட்டை, அதாவது கதிர், வராத இளஞ்சோளப் பயிர் மாட்டையே சாய்க்கும் என்று நமக்குத் தெரியும், குட்டி முயலிடம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

2. பிரித்து வையுங்கள், எடை போடுங்கள், ஒரு தரம் முழுசாகப் பாருங்கள்

மற்ற முயல்களிடமிருந்து உடனே பிரிக்க வேண்டும். காரணம் ரெண்டு. ஒன்று, இந்த வயசில் மெலிந்து கழிகிற குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி இருக்கும், அது புழுக்கை வழியாகப் பரவும். ரெண்டாவது, கூட்டத்தில் இருந்தால் கூண்டில் கிடக்கிற புழுக்கை யாருடையது, எது தின்றது, எது தின்னவில்லை, ஒன்றுமே தெரியாது.

தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். பின்னங்காலை உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும் அளவுக்கு மெல்லிய எலும்பு அதற்கு.

எடை பார்க்கும்போது தராசில் ஒரு சின்ன வட்டல் வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, அதில் துண்டு போடாமல் குட்டியை மட்டும் வையுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இனத்துக்கு இனம் மாறும், அதனால் கூடப்பிறந்ததோடு ஒப்பிடுவதுதான் சரி. இந்தத் தைமாதம் வந்த சாம்பல் நிறக் குட்டி 312 கிராம் இருந்தது; அதே ஈற்றில் பிறந்த மற்ற ரெண்டும் 600-ஐ ஒட்டி இருந்தன. கூடப்பிறந்தவை இல்லையென்றால் முதுகைத் தடவிப் பாருங்கள். நல்ல குட்டிக்கு முதுகெலும்பு உருண்டையாகக் கைக்குத் தட்டும், மெலிந்ததற்குச் சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அப்புறம் ஒரு சுற்று: காது சூடாக இருக்கிறதா சில்லென்றிருக்கிறதா. மேல், கீழ் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒழுங்காகப் பொருந்துகிறதா, இல்லை கோணிக்கொண்டு நிற்கிறதா. கோணியிருந்தால் எத்தனை தேற்றினாலும் திரும்ப மெலியும், பல்தான் நோய். மூக்கில் ஒழுகுகிறதா. முன்னங்கால்களின் உள்பக்கம் ரோமம் ஒட்டித் திரித்திரியாக இருந்தால் சளியை அதில்தான் துடைத்திருக்கிறது என்று அர்த்தம். காதுக்குள்ளும் மூக்கு நுனியிலும் பொருக்கு இருந்தால் சொறி. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் காக்சிடியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கம் ஈரமா, காய்ந்திருக்கிறதா. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், பயந்தே பாதி உயிர் போய்விடும்.

3. முதலில் சூடு

முயலின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம், 101-லிருந்து 103 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 100-க்குக் கீழே போய்விட்டால் குடல் வேலை செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே போகிற எதுவும் செரிக்காமல் அப்படியே கிடந்து புளிக்கும். சில்லிட்ட குட்டியின் வாயில் தீனி வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நான் இழந்த முதல் குட்டிக்குச் செய்த தப்பும் இதுவே: காதெல்லாம் ஐஸ் மாதிரி இருந்தது, நான் பாலைச் சூடுபண்ணி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல்மானி வைக்கத் தெரிந்தால் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வையுங்கள். பழக்கம் இல்லையென்றால் விடுங்கள், காதும் பாதமும் தொட்டால் போதும்.

பாட்டிலில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் நிரப்பி, துண்டை ரெண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். இன்னொரு பக்கம் காலியாக இருக்க வேண்டும். சூடு தாங்கவில்லையென்றால் நகர்ந்துபோக அதற்கு இடம் வேண்டும், இல்லையென்றால் வெந்துபோகும். பாட்டில் ஆறிவிட்டால் குட்டியின் சூட்டை அதுவே உறிஞ்ச ஆரம்பிக்கும், எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மஞ்சள் பல்பு வீட்டில் இருந்தால் அதையும் ஒரு மூலையில் ஒன்றரை அடி உயரத்தில் கட்டலாம், ஒயரைக் குட்டி எட்டிக் கடிக்காத மாதிரி. எல்இடி பல்பில் சூடு வராது. சிரிக்காதீர்கள், அதைக் கட்டிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் ஒருவர் எனக்குத் தெரியும்.

ஆடிமாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாளைக்குள் நேரே அடிக்கும். நல்ல முயலுக்கு அது பரவாயில்லை, மெலிந்த குட்டி அதில் ஒரு ராத்திரி தாங்காது. பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.

சித்திரை வைகாசியில் கதை தலைகீழ். ஈரோடு, கரூர்ப் பக்கத்து வெயிலில் தகரக் கூரைக்கடியில் மயங்கிக் கிடக்கிற குட்டிக்குக் காது கொதிக்கும், மூச்சு வேகமாக அடிக்கும். அதற்குச் சூடு கொடுத்தால் கொலை. நிழலான தரைக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதை ஒத்தியெடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

காது இளஞ்சூடாகி, தலையைத் தூக்கி மூக்கை ஆட்டினால் அடுத்த படிக்குப் போகலாம். சில குட்டிக்கு அரைமணி நேரம் ஆகும், சிலதுக்கு ரெண்டு மணி நேரம்.

4. தண்ணி

கழிகிற குட்டி பசியால் சாவதைவிடத் தண்ணி வற்றிச் சாவதுதான் அதிகம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 மில்லி தண்ணி வேண்டும். 300 கிராம் குட்டிக்கு 30 மில்லி, கழிச்சல் இருந்தால் அதற்கும் மேல்.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் எத்தனை தண்ணியில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனையில்தான் கலக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் முழு லிட்டர். "குட்டிதானே" என்று ஒரு டம்ளரில் கால் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடி, உடம்பில் இருக்கிற தண்ணியையும் வெளியே இழுத்துவிடும். ஒரு நாளைக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இளஞ்சூட்டில் அரைமணி நேரத்துக்கு ஒரு தரம் ஒன்று, ஒன்றரை மில்லி. முதல் ரெண்டு மூணு மணி நேரம் இது மட்டும்தான். பக்கத்து வீட்டு ஆத்தா வந்து எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, வெறுந்தண்ணியவே ஊத்திட்டிருக்கறயே, கொஞ்சம் கருப்பட்டி கலக்கிக் குடேன்" என்பார். பிரியமாகத்தான் சொல்வார். வேண்டாமுங்க என்று சொல்லிவிடுங்கள். முயல் குடலில் இனிப்பு போனால் கெட்ட கிருமிகள்தான் பெருகும். பசும்பாலும் அப்படியே, கழிச்சலைக் கூட்டும்.

கூண்டில் மூக்குக் குழாய் பாட்டில் இருந்தாலும் ஒரு கனமான மண்சட்டியில் தண்ணி வையுங்கள். பலவீனமான குட்டி குழாயை நக்கி இழுக்கச் சிரமப்படும், சட்டியில் சும்மா வாயை வைத்தால் போதும்.

வாய்க்குள் ஈறு ஒட்டுகிற மாதிரி காய்ந்து, கண் குழி விழுந்து, கழுத்து நிற்காமல் கிடந்தால் சிரிஞ்சில் ஊற்றுவது பத்தாது. தோலுக்கடியில் நீர் ஏற்ற வேண்டும், அது டாக்டர் வேலை.

5. டாக்டரிடம் போகும்போது

சூடும் தண்ணியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். "ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்" என்பது மாட்டுக்குச் சரியாக இருக்கலாம், 300 கிராம் உயிருக்கு ரெண்டு நாள் என்பது ரொம்ப நீளம்.

கையோடு புதுப் புழுக்கை கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காக்சிடியா முட்டை தெரிந்துவிடும், குத்துமதிப்பாக மருந்து கொடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எட்டுகிற தூரம் என்றால் அங்கே போவது நல்லது. வயசு, இன்றைய எடை, எப்போதிலிருந்து தின்னவில்லை, புழுக்கை எப்படி, ஏற்கனவே என்ன கொடுத்தீர்கள், இந்த ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் டாக்டர்கள் நாள் முழுக்க மாடும் ஆடும் பார்க்கிறவர்கள். அதனால் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "சார், முயலுக்கு வாய் வழியா பென்சிலின் வகை ஆகாதுன்னு சொன்னாங்க, வேற இருக்குங்களா?" வாய் வழியாகப் போகும் பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் எல்லாம் முயல் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்ட கிருமி பெருகி நஞ்சு கக்க, ரெண்டு மூணு நாளில் பேதியாகி ஆள் போய்விடும். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கிற சிரப்பை நாமாகக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து. பேனுக்கும் உண்ணிக்கும் நாய்க்குப் போடுகிற பிப்ரோனில் மருந்தும் முயலைக் கொல்லும். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசியை டாக்டர் எடைக்கேற்பப் போடுவார்.

காக்சிடியாவுக்கு சல்பா வகை மருந்தோ டோல்ட்ராசுரிலோ எழுதுவார்கள். அளவைக் கிராமுக்கு எத்தனை மில்லி என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோழி மருந்துக் கடையில் வாங்கி "ஒரு மூடி" என்று ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. கோழிக்கு அது தண்ணித் தொட்டியில் கலக்கிற கணக்கு.

எந்த நேரமானாலும் ஓட வேண்டிய அறிகுறிகள்: பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகப் புழுக்கையே இல்லை, வயிறு தப்பட்டை மாதிரி இறுகியிருக்கிறது, ரத்தம் கலந்து கழிகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்தால் கடைசிக் கட்டம்.

6. புல்

சூடேறி, தண்ணி இறங்கி, தலை நிமிர்ந்த குட்டியின் முன்னால் முதலில் வைக்க வேண்டியது காய்ந்த புல் மட்டும். நிறைய வையுங்கள், படுக்கையாகவும் அதுவே இருக்கட்டும். முயல் குடலை ஓட வைப்பது நார்தான். நார் போகாமல் மாவுச்சத்து போனால் குடல் நின்று, உள்ளே காற்று நிரம்பி, வயிறு உப்பி விடும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழேதான் வந்தாக வேண்டும்.

ஒரு தந்திரம். நறுக்கிய கொத்தமல்லித் தண்டு ஒன்றை உள்ளங்கையில் கசக்கி, அந்த வாசத்தோடு புல்லைப் பிசறி வையுங்கள். மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தால் வாய் தானாக வரும். சாம்பல் குட்டி முதல் நாள் சாயங்காலம் ஒரே ஒரு புல்தாளை ஓரத்திலிருந்து இழுத்து, பாதி கடித்து, பாதியை வாயில் தொங்கவிட்டுக்கொண்டே தூங்கிப்போனது. அந்தப் பாதித் தாள் போதும், குடல் கூப்பிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கழிச்சல் நிற்கும் வரை பச்சைக் கீரை எதுவும் வேண்டாம். கேரட் வேண்டவே வேண்டாம்.

7. சிரிஞ்சில் ஊட்டுவது

தானாகத் தின்றால் இந்தப் படியே தேவையில்லை. சூடு வந்து நாலைந்து மணி நேரமாகியும் புல்லைத் தொடவில்லை, ஆனால் வயிறு மெத்தென்றிருக்கிறது என்றால் ஊட்டலாம். வயிறு இறுகியிருந்தால் ஊட்டக் கூடாது, அடைத்த குழாயில் மேலும் திணிக்கிற மாதிரி அது.

கூழ் செய்முறை: முயல் தீவன உருண்டை ஒரு பங்கு, வெந்நீர் மூணு பங்கு. பத்து நிமிடம் ஊறவிட்டு மசித்து, காய்ந்த புல்லை மிக்ஸியில் பொடித்துச் சலித்த மாவை அதே அளவுக்குச் சேர்த்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வரும் வரை இன்னும் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். உருண்டை கிடைக்காவிட்டால் புல்மாவும், நிழலில் காய்ந்த முருங்கையிலைப் பொடி ஒரு சிட்டிகையும் போதும். சிரிஞ்சு அடைக்கும். 1 மில்லி சிரிஞ்சின் மூக்கைச் சாய்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மழமழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் ஈறு கிழியும்.

பிடிக்கிற முறையில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். குழந்தைக்குப் பாலாடை கொடுக்கிற பழக்கத்தில் மல்லாக்கப் போட்டு ஊற்றுவார்கள். மூக்கிலிருந்து கூழ் நுரைத்து வந்தால் அது நுரையீரலுக்குப் போய்விட்டது, பெரும்பாலும் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. நாலு காலும் தரையில் ஊன்றி, தலை இயல்பான உயரத்தில், உடம்பைத் துண்டில் சுற்றி, உங்கள் வயிற்றோடு அதன் பின்பக்கம் ஒட்டிய மாதிரி மேசையில் வையுங்கள். பின்னால் போக முடியாது என்று தெரிந்தால் உதறாது.

முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. உதட்டோரம் வழியாக அந்த இடத்தில் சிரிஞ்சை நுழைத்து, தொண்டையை நோக்கி இல்லாமல் எதிர்க் கன்னத்தை நோக்கி, கால் மில்லி தள்ளுங்கள். நிறுத்துங்கள். தாடை ஆடுவதைப் பாருங்கள். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்த கால் மில்லி. மெல்லாமல் வாயோரம் வழியவிட்டால் அதற்கு அலுப்பு, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். அவசர வேலை இருக்கிற நேரத்தில் உட்காராதீர்கள்.

அளவு: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி கூழ் என்ற கணக்கு. 300 கிராமுக்கு 15 மில்லி, அதை ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 3. முதல் நாள் இதில் பாதிதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிறு ஒரேயடியாக வாங்காது. ராத்திரி பத்துக்கு ஒரு வேளை, விடிகாலை ஐந்துக்கு ஒரு வேளை வைத்துக்கொண்டால் நடுராத்திரி எழ வேண்டியதில்லை.

தானாகத் தின்ன ஆரம்பித்ததும் ஊட்டுவதை அன்றே நிறுத்திவிடாதீர்கள். வேளையை ஒவ்வொன்றாகக் குறைத்து, ரெண்டு நாள் எடை இறங்கவில்லை என்று பார்த்தபிறகு நிறுத்துங்கள்.

8. புழுக்கையைப் படிப்பது

காலையில் பெட்டியைத் திறந்ததும் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் நான் காகிதத்தைத்தான் பார்ப்பேன். பெட்டியில் புல்லுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள், அது இதற்குத்தான்.

உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே புல்நார் தெரிந்தால் நல்லது. சின்னதாகக் கருத்து, கடுகும் மிளகும் கலந்த மாதிரி இருந்தால் தண்ணியும் நாரும் பத்தவில்லை. ஜவ்வு சுற்றியிருந்தால் குடல் புண்ணாகியிருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். கூழாக, நாற்றத்தோடு வந்தால் தீனியை நிறுத்திப் புல்லும் தண்ணியுமாகத் திரும்பப் போங்கள்.

திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டு சில கிடக்கும். அதைப் பேதி என்று பயந்து மருந்து கொடுத்தவர்கள் உண்டு. அது முயல் தானே வாயால் எடுத்துத் தின்கிற இரண்டாம் புழுக்கை, அதில்தான் அதற்கு வைட்டமினும் புரதமும். தின்பதைப் பார்த்தால் தடுக்காதீர்கள். தின்னாமல் விட்டுவிட்டிருந்தால் ஒன்று தீனி கூடிப்போச்சு, இல்லையென்றால் குனிய முடியாத பலவீனம்.

9. சுத்தம்

காக்சிடியா முட்டை புழுக்கையில் வந்தவுடனே தொற்றாது, ஈரத்திலும் சூட்டிலும் ரெண்டு நாள் போல் கிடந்து முற்றிய பிறகுதான் தொற்றும். அதனால் காகிதத்தைக் காலையும் சாயங்காலமும் மாற்றினாலே பாதி வைத்தியம் முடிந்தது. மாற்றாவிட்டால் மருந்து குடித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அதையே தின்றுகொண்டிருக்கும். பினாயில், டெட்டால் இதற்கெல்லாம் அந்த முட்டை அசையாது. கொதிநீரோ நெருப்போதான். கம்பிக் கூண்டாக இருந்தால் காலி செய்து பண்ணைக்காரர்கள் மாதிரி தீத்துப்பாக்கியால் வாட்டி எடுக்கலாம்.

பின்பக்கம் அழுக்காக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில் பஞ்சு நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் போக ஒத்தி எடுங்கள். முழுசாகக் குளிப்பாட்டினால் நடுங்கியே போய்விடும். ஈ மொய்க்க விடக் கூடாது, அழுக்கு ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டிக்கு மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள்.

தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சொறியும் படையும் நமக்கும் ஒட்டும்.

10. எடை ஏறும்போது

தினமும் ஒரே நேரம், காலைத் தீனிக்கு முன்னால். சாம்பல் குட்டியின் நோட்டு இப்படி இருந்தது: முதல் நாள் 312, ரெண்டாம் நாள் 305, மூணும் நாலும் 303, ஐந்தாம் நாள் 309, எட்டாம் நாள் 331. பதினாலாம் நாள் 420. முதல் மூணு நாலு நாள் இறங்குவதையும் நிற்பதையும் பார்த்து மனசு ஒடிந்துபோய்த் தீனியைக் கூட்டுகிறார்கள் பாருங்கள், பாதிக் குட்டிகள் போவது அங்கேதான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மட்டும் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். நின்றால் நல்ல சேதி.

கழிச்சல் நின்று ரெண்டு நாள் உருண்டைப் புழுக்கை விழுந்த பிறகு தீவன உருண்டை காலையில் ஒரு டீஸ்பூன், சாயங்காலம் ஒரு டீஸ்பூன். பத்து நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். தீவனத்தை மாற்றினால் பழசும் புதுசும் கலந்து மாற்றுங்கள். கீரையில் முதலில் கொத்தமல்லி, அடுத்து வேலிமசால் என்கிற தீவனத்தழை, அதற்கப்புறம் முருங்கை ஒரு ஈர்க்கு. ஒன்று கொடுத்து ரெண்டு நாள் பார்த்துத்தான் அடுத்தது. ரெண்டையும் ஒன்றாகக் கொடுத்துக் கழிந்தால் எதனால் என்று தெரியாது. கீரையை அலசி, ஈரம் உலர்த்தி, வெயிலில் சூடேறிக் கிடந்ததாக இல்லாமல் கொடுங்கள்.

சோறு, கம்பு, சோளம், ரொட்டி, பழம் எதுவும் இந்த மாதத்தில் கிடையாது. ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் குழந்தைகள் கையில் பிஸ்கட்டோடு பெட்டிப் பக்கம் போகும், அந்த ஒரு நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் போதும். நல்ல குட்டி இதைவிட வேகமாக ஏறும், இது அந்த வேகத்துக்கு வர மூணு வாரமாகும். பிறகும் கூடப்பிறந்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகவே நிற்கும்.

11. திரும்பக் கூட்டத்தோடு

டாக்டர் திரும்பப் புழுக்கை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும், குறைந்தது மூணு வாரம் தனியே இருக்கட்டும். நேராகப் பெரிய கூண்டில் இறக்கினால் மற்றவை துரத்தித் துரத்திக் கடிக்கும், தீனி கிட்டே விடாது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என நாலைந்து நாள் முகர்ந்து பழகவிட்டு, அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத புது இடத்தில் ஒன்றாக விடுங்கள். தீனி வட்டல் ரெண்டு வையுங்கள். சேர்த்த முதல் வாரமும் எடை போடுங்கள். ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் இறங்கினால் திரும்பப் பிரித்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியையும் அடியில் போட்ட புல்லையும் அடுத்த குட்டிக்கு என்று எடுத்து வைக்காமல் எரித்துவிடுங்கள். சிரிஞ்சுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கி டப்பாவில் போடுங்கள், துண்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து நல்ல வெயிலில் காயவையுங்கள்.